ஓடும் செயற்கைக்கோளுக்கு ஆண்டெனா காட்டுவது எப்படி? வாசகர் கேள்வி பதில்

சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருக்கும் ஹாம் ரிப்பீட்டரை, அதாவது அமெச்சூர் வானொலிக்காரர்களின் குரலை வாங்கித் திரும்ப அனுப்பும் கருவியை, சாதாரண ஹேண்டியும் (கையடக்க வானொலி) ஒரு சின்ன யாகியும் (ஒரு திசையை நோக்கிக் காட்டும் ஆண்டெனா) வைத்துக்கொண்டே கேட்கலாம் என்று போன இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு முயன்று பார்த்தவர்கள் எழுதிய கடிதங்களில் பெரும்பாலும் ஒரே தவிப்புதான்: அது ஓடுகிறது, ஆண்டெனாவை எங்கே காட்டுவது? கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டு, ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (மதுரை): புதிதாக உரிமம் வாங்கியவன். கையில் பிடிக்கும் யாகி வைத்திருக்கிறேன். ஆப் காட்டும் அசிமத் (திசைக் கோணம்), எலிவேஷன் (உயரக் கோணம்) எண்களைப் பார்த்துப் பார்த்துத் திருப்புகிறேன், நான் திருப்பி முடிப்பதற்குள் எண் மாறிவிடுகிறது. எத்தனை டிகிரி துல்லியம் வேண்டும்?

பதில்: எண்களைத் துரத்துவதை முதலில் நிறுத்துங்கள். கையில் பிடிக்கிற யாகிக்கு அவ்வளவு துல்லியம் தேவையே இல்லை. 145 மெகாஹெர்ட்ஸுக்கு மூன்று எலிமெண்ட் (குறுக்குக் கம்பி), 437 மெகாஹெர்ட்ஸுக்கு ஏழு எலிமெண்ட் என்று வரும் வழக்கமான ஆண்டெனாவில், 437 பக்கத்தின் பீம் அகலம் ஏறக்குறைய 45 முதல் 50 டிகிரி. 145 பக்கம் அதைவிட அகலம். பீம் அகலம் என்றால், நேர் திசையிலிருந்து இரண்டு பக்கமும் விலகிக்கொண்டே போகும்போது சிக்னல் பாதியாகக் குறையும் இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள கோணம். எவ்வளவு இழப்பு என்று பார்க்க ஒரு எளிய கணக்கு உண்டு: தப்பிய கோணத்தைப் பீம் அகலத்தால் வகுத்து, வர்க்கம் எடுத்து, 12ஆல் பெருக்குங்கள், இழப்பு டெசிபெல் கணக்கில் வந்துவிடும், 3 டெசிபெல் என்றால் சிக்னல் பாதி. 50 டிகிரி பீமில் 10 டிகிரி தப்பினால் இழப்பு அரை டெசிபெல்கூட இல்லை, காதுக்குத் தெரியவே தெரியாது. 25 டிகிரி தப்பினால்தான் 3 டெசிபெல் போகும். கையை முழுதாக நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் வானத்தில் சுமார் 10 டிகிரி, அதை அளவாக வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது இதைவிட முக்கியம். விண்வெளி நிலையம் சுமார் 420 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. உங்கள் தலைக்கு நேர் மேலே வரும்போது தூரம் அந்த 420தான். ஆனால் தொடுவானத்தில் தலைகாட்டும்போது அது 2,300 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. இந்த ஐந்தரை மடங்கு தூர வித்தியாசம் சிக்னலில் 15 டெசிபெல். தலைக்கு மேலே வரும்போது அது விநாடிக்கு ஒரு டிகிரி வேகத்தில் ஓடுகிறது, உங்களால் பின்தொடர முடியவில்லை, சரி, ஆனால் அப்போது சிக்னல் தாராளமாக இருக்கிறது, ஆண்டெனா கொஞ்சம் தப்பினாலும் கேட்கும். தொடுவானத்துக்குப் பக்கத்தில் சிக்னல் மெலிந்து இருக்கும், ஒவ்வொரு டெசிபெல்லும் வேண்டும், ஆனால் அப்போது அது வானத்தில் நகர்வதே தெரியாத அளவுக்கு மெதுவாகப் போகும். துல்லியம் தேவைப்படும் இடத்தில் அவகாசமும் இருக்கிறது என்பதால்தான் இந்த வேலை கையால் முடிகிறது. உங்கள் கவனத்தை எல்லாம் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் கொடுங்கள்.

செய்முறை இதுதான். பாஸ், அதாவது செயற்கைக்கோள் ஒருமுறை நம் வானத்தைக் கடப்பது, தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பே மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள். ஆப்பில் மூன்றே மூன்று எண்களைப் பாருங்கள்: எந்தத் திசையில் எழுகிறது, உச்சம் எந்தத் திசையில் எத்தனை டிகிரி, எங்கே மறைகிறது. அந்த மூன்றுக்கும் கண்ணுக்குத் தெரிகிற அடையாளம் வையுங்கள், ஒரு செல்போன் டவரோ, கோபுரமோ, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியோ. மூன்றையும் இணைக்கிற வளைவை ஆண்டெனாவோடு ஒரு தடவை ஒத்திகை பாருங்கள். அப்புறம் போனைப் பைக்குள் போட்டுவிடலாம்.

ஸ்குவெல்ச்சை, அதாவது சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடக்கிவைக்கும் அமைப்பை, முழுவதும் திறந்துவிடுங்கள், இதைப் பலர் செய்வதில்லை. எஃப்எம்மில் சிக்னல் வரத் தொடங்கும்போது, குரல் புரிவதற்கு முன்பே இரைச்சல் சற்று அமுங்கும். அந்த அமுங்கலைக் கேட்டதும் ஆண்டெனாவை ஒரு முஷ்டி அளவு இடமும் வலமும், மேலும் கீழும் மெதுவாக ஆட்டிப் பாருங்கள், இரைச்சல் எங்கே மிகக் குறைகிறதோ அங்கே நில்லுங்கள். சில விநாடிகளுக்கு ஒருமுறை இதையே திரும்பச் செய்துகொண்டே போனால் உங்கள் காதே வழிகாட்டும். இயர்போன் கட்டாயம் போடுங்கள். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே இந்த நுட்பமான மாற்றத்தைப் பிடிக்கவே முடியாது, அதுவும் தெருவில் ஆட்டோ ஓடும் நேரத்தில்.

இன்னொன்று, இறங்கி வரும் குரல் தெளிவாகக் கேட்காதவரை பேசுவதற்கான பிடிடி பட்டனை அழுத்தாதீர்கள். மேலே இருப்பது ஒரே ஒரு சேனல், கேட்காமல் அழைத்துக்கொண்டே இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும் மற்ற இருவரையும் சேர்த்துக் கெடுக்கிறார்.

கேள்வி (சேலம்): எந்த ஆப் சரியாகக் காட்டும்? இரண்டு ஆப்பில் இரண்டு நேரம் வருகிறது.

பதில்: ஆண்ட்ராய்டில் லுக்ஃபோர்சாட், ஹெவன்ஸ்-அபவ், கணினியில் ஜிப்ரெடிக்ட் எல்லாமே நம்பலாம். கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் பெரும்பாலும் உள்ளே போகிற தரவில். செயற்கைக்கோளின் பாதையைச் சொல்கிற இரண்டு வரித் தரவு, அதாவது டிஎல்இ, பழசாகிவிட்டால் நேரம் தப்பும். விண்வெளி நிலையத்துக்கு இது சீக்கிரமே பழசாகிவிடும், ஏனென்றால் அந்த உயரத்திலும் மெல்லிய காற்று அதைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது, அவ்வப்போது எஞ்சினை இயக்கி உயர்த்தவும் செய்கிறார்கள். அதற்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். 600, 700 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவற்றுக்கு வாரம் ஒருமுறை போதும். கணினியின் கடிகாரத்தையும் பாருங்கள். விநாடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற ஒன்றுக்கு ஒரு நிமிடம் தப்பினால் 450 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போய்விடும். இருப்பிடம் ஐந்து பத்து கிலோமீட்டர் தப்பினால் ஒன்றும் ஆகாது.

கேள்வி (திருநெல்வேலி, கல்லூரி மாணவி): திசை சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் குரல் நன்றாக வந்துகொண்டிருக்கும்போதே திடீரென்று இரைச்சலில் மூழ்கிவிடுகிறது, பிறகு தானாகவே திரும்பி வருகிறது. என் ஆண்டெனாவில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. நீங்கள் ஆண்டெனாவைத் திருப்பிய திசை சரி, அதன் எலிமெண்டுகள் நிற்கும் வாட்டம் மட்டும் சரியில்லை. சிறிய செயற்கைக்கோள்களில் பெரும்பாலும் இருப்பது ஒற்றைக் கம்பி ஆண்டெனா, அதிலிருந்து வரும் அலை ஒரு தளத்தில் அதிரும். செயற்கைக்கோள் சுழல்வதாலும், நீங்கள் அதைப் பார்க்கும் கோணம் மாறிக்கொண்டே இருப்பதாலும் அந்தத் தளமும் மாறும். அயனி மண்டலமும் தன் பங்குக்கு அதைத் திருப்பிவிடும், 145 மெகாஹெர்ட்ஸில் இது 437ஐவிடப் பல மடங்கு அதிகம். உங்கள் எலிமெண்டுகள் அந்தத் தளத்துக்குச் செங்குத்தாக அமைந்துவிட்டால் 20 டெசிபெல்லுக்கு மேலும் இழக்கலாம். மேலே மதுரை நண்பருக்குச் சொன்னதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், திசையில் 10 டிகிரி தப்பினால் அரை டெசிபெல், வாட்டத்தில் 90 டிகிரி தப்பினால் ஆளே காணோம்.

மருந்து உங்கள் மணிக்கட்டில் இருக்கிறது. குரல் அமுங்கத் தொடங்கியதும் திசையை மாற்றாமல், பூமை, அதாவது எலிமெண்டுகளைத் தாங்கும் நடுத்தண்டை, பிடித்தபடியே மணிக்கட்டை மெதுவாகக் கால் வட்டம் திருப்புங்கள். ஏதோ ஒரு இடத்தில் குரல் மேலே எழும்பும். புதிதாகத் தொடங்குகிற பலர் குரல் போனதும் பதறி ஆண்டெனாவை வேறு பக்கம் ஆட்டிவிடுகிறார்கள், அதனால் நல்ல திசையையும் தொலைத்துவிடுகிறார்கள். முதலில் முறுக்கிப் பாருங்கள், அதிலும் வரவில்லை என்றால்தான் திசையைத் தேடுங்கள். இந்த வரிசையைக் கைக்குப் பழக்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து.

நிலையாகக் கம்பத்தில் பொருத்துபவர்கள் குறுக்கு யாகி, அதாவது ஒரே பூமில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு யாகி, போட்டு வட்ட முனைவாக்கம் (அலையின் தளம் சுழன்றுகொண்டே இருப்பது) செய்துகொள்ளலாம். அப்போது ஒற்றைத் தள அலை எந்த வாட்டத்தில் வந்தாலும் இழப்பு 3 டெசிபெல்லோடு நின்றுவிடும், ஏற்ற இறக்கமும் அடங்கும். கையில் பிடிப்பவர்களுக்கு அது தேவையில்லை, மணிக்கட்டு இன்னும் நன்றாகச் செய்யும்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியில், பாஸின் தொடக்கத்தில் குரல் கரகரப்பாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அது வேறு விஷயம், டாப்ளர், அதாவது செயற்கைக்கோளின் ஓட்டத்தால் அலைவரிசை மாறிக் கேட்பது. 437.800இல் பாடுகிற விண்வெளி நிலையம் உங்களை நோக்கி வரும்போது சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் மேலே கேட்கும், விலகிப் போகும்போது அதே அளவு கீழே. 437.810, 437.805, 437.800, 437.795, 437.790 என்று ஐந்து மெமரியில் போட்டு வைத்து, வரிசையாக இறங்கி வாருங்கள். உச்சத்துக்குப் பக்கத்தில் சட்சட்டென்று மாற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி (சென்னை): அசிமத், எலிவேஷன் இரண்டுக்கும் மோட்டார் ரொட்டேட்டர் போட்டு ஜிப்ரெடிக்டோடு இணைத்திருக்கிறேன். தாழ்வான பாஸ் எல்லாம் அருமையாகப் பிடிக்கிறது. நேர் மேலே போகிற நல்ல பாஸில்தான் நடுவில் விட்டுவிடுகிறது. ஏன்?

பதில்: உங்கள் ரொட்டேட்டர் நன்றாக வேலை செய்கிறது, வானத்தின் வடிவம்தான் அதற்குப் பிரச்சினை. செயற்கைக்கோள் உங்கள் உச்சிக்கு அருகே கடக்கும்போது மேற்கில் இருந்தது சில விநாடிகளில் கிழக்குக்குப் போய்விடுகிறது, அதாவது அசிமத் ஏறக்குறைய 180 டிகிரி பாய்கிறது. கணக்காகச் சொன்னால், வானத்தில் அது நகரும் கோண வேகத்தை எலிவேஷனின் கொசைனால் வகுக்க வேண்டும். விண்வெளி நிலையம் 80 டிகிரி உயரத்தில் கடந்தால் அசிமத் விநாடிக்கு 6 டிகிரி திரும்ப வேண்டும், 85 டிகிரி என்றால் 12. ஹாம்களிடம் அதிகம் புழங்கும் யேசு ஜி-5500 ரொட்டேட்டர் முழு வட்டம் சுற்ற ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது, அதாவது விநாடிக்கு ஐந்து டிகிரி சொச்சம். துரத்திப் பிடிக்க வழியே இல்லை.

இரண்டு வழி உண்டு. உங்கள் எலிவேஷன் மோட்டார் 180 டிகிரி வரை சாயுமானால், மென்பொருளில் ஃபிளிப் முறையைப் போடுங்கள். அப்போது அசிமத்தை ஏறக்குறைய அப்படியே வைத்துவிட்டு ஆண்டெனா உச்சியைத் தாண்டிப் பின்பக்கமாகச் சாய்ந்து தொடரும். இல்லாவிட்டால் ஒன்றும் செய்யாமல் விடுவதுகூட வழிதான். உச்சியில் சிக்னல் பலமாக இருப்பதால், 30 டிகிரி பீம் கொண்ட ஆண்டெனாவில் சில விநாடி பின்தங்கினாலும் பேச்சு அறுந்துபோகாது. உங்களுக்கு அறுந்துபோகிறது என்றால் உங்கள் ஆண்டெனாவின் பீம் அதைவிடக் குறுகலாக இருக்கிறது என்று அர்த்தம். நீளமான ஆண்டெனா போட்டால் நன்றாகக் கேட்கும் என்று இருபதுக்கு மேல் எலிமெண்ட் வைக்கிறவர்கள் இந்தச் சிக்கலைத் தாங்களே வரவழைத்துக்கொள்கிறார்கள். தாழ்ந்த சுற்றுப்பாதைச் செயற்கைக்கோளுக்கு 437இல் பத்துப் பன்னிரண்டு எலிமெண்ட் தாராளம்.

கடற்கரைக்குப் பக்கத்து வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். ரொட்டேட்டர் தன் திசையைத் தெரிந்துகொள்வது உள்ளே இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர் (திரும்பும்போது மாறும் மின்தடை) காட்டும் மின்னழுத்தத்தை வைத்துத்தான். உப்புக்காற்று உள்ளே போய்விட்டால் அது குதித்துக் குதித்துக் காட்டும், மென்பொருள் அதை நம்பி ஆண்டெனாவை முன்னும் பின்னும் ஆட்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருமுறை கனெக்டர்களைப் பிரித்துத் துடைத்து, தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் இறுக்கிச் சுற்றுங்கள். கோஆக்ஸ் கேபிளுக்குப் போதுமான தொங்கல் விட்டிருக்கிறீர்களா என்று ரொட்டேட்டரை இரண்டு பக்கக் கடைசி வரையும் ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): வடக்கைச் சரியாகக் கண்டுபிடிக்க முடியேல்லை. எனது போனின் திசைகாட்டி மாடியின் ஒவ்வொரு மூலையிலும் ஒவ்வொரு திசையைக் காட்டுகிறது.

பதில்: போன் காட்டுவது உங்கள் மாடிக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகளை. கான்கிரீட் கம்பி, கைப்பிடிச் சுவரின் கிரில், தண்ணீர்த் தொட்டியின் தாங்கி எல்லாமே காந்த ஊசியைப் பத்து இருபது டிகிரி இழுக்கக்கூடியவை. காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உங்கள் பக்கத்தில் ஒன்றிரண்டு டிகிரிதான் வித்தியாசம், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். இரும்புதான் எதிரி.

சூரியனை வைத்துச் செய்யுங்கள். காலையிலோ மாலையிலோ, சூரியன் 20, 30 டிகிரி உயரத்தில் இருக்கும்போது, வானியல் ஆப் எதிலாவது அதன் அசிமத்தைப் பாருங்கள். யாகியின் பூமைச் சூரியனை நோக்கி நிமிர்த்தி, தரையிலோ சுவரிலோ விழும் நிழலைக் கவனியுங்கள். பூமின் நிழல் நீளமாக விழுந்தால் இன்னும் சரியாக நோக்கவில்லை. அது சுருங்கிச் சுருங்கி ஒரு புள்ளி போல ஆகிவிட்டால் ஆண்டெனா நேராகச் சூரியனைப் பார்க்கிறது. அந்த நிமிடத்தில் ரொட்டேட்டர் காட்டும் எண்ணை ஆப்பின் எண்ணோடு ஒப்பிட்டுச் சரி செய்துவிடுங்கள். எலிவேஷனும் இதிலேயே சரிபார்க்கப்பட்டுவிடும். கண்ணால் சூரியனைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, நிழலை மட்டும் பாருங்கள்.

நட்டநடு மதிய நிழலை வைத்து வடக்கு பார்க்கலாம் என்று புத்தகங்களில் இருக்கும், நம் பக்கத்தில் அதில் ஒரு சிக்கல். யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் உச்சிக்கு வந்து மதியத்தில் நிழலே விழாது, இடைப்பட்ட மாதங்களில் மதிய நிழல் தெற்கே விழும். அதனால் வடக்கு தெற்காகத் திரும்பிவிடும் ஆபத்து இருக்கிறது. காலைச் சூரியனே மேல்.

கேள்வி (கோயம்புத்தூர்): எலிவேஷன் மோட்டார் வாங்கப் பணம் இல்லை. அசிமத் மட்டும் சுற்றினால் பயன் உண்டா?

பதில்: நிறைய உண்டு. தாழ்ந்த சுற்றுப்பாதையில் ஓடும் எந்தச் செயற்கைக்கோளும் தன் நேரத்தில் பெரும்பகுதியை வானத்தின் தாழ்ந்த பகுதியில்தான் கழிக்கிறது, 30 டிகிரிக்கு மேல் ஏறுவது கொஞ்ச நேரமே. நடுத்தர நீளமுள்ள யாகியை 20 டிகிரி நிமிர்த்தி நிலையாகப் பொருத்திவிட்டு அசிமத்தை மட்டும் சுற்றினால், பெரும்பாலான பாஸ் அதில் அடங்கிவிடும். உச்சிப் பகுதி மட்டும் கொஞ்சம் பலவீனமாகும், அங்கே தூரம் குறைவு என்பதால் அதுவும் சமாளிக்கும்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு நல்வாய்ப்பும் உண்டு. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆஸ்ட்ரோசாட்டோடு சேர்த்து ஏவப்பட்ட இந்தோனேசியாவின் லாபான்-ஏ2, ஹாம்கள் ஐஓ-86 என்று அழைப்பது, பூமத்திய ரேகையை ஒட்டி வெறும் 6 டிகிரி சாய்வில் சுமார் 650 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அதனால் அது நமக்கு எப்போதும் தெற்கு வானத்தில்தான் போகும், மேற்கில் எழுந்து தெற்கு வழியாகக் கிழக்கில் மறையும், ஒரு நாளைக்குப் பதின்மூன்று பதினான்கு தடவை. சென்னையிலிருந்து பார்த்தால் 35 டிகிரிக்கு மேல் ஏறவே ஏறாது. உங்கள் கோவையில் 45, கன்னியாகுமரியில் 68 வரை. எலிவேஷன் மோட்டாரே தேவைப்படாத செயற்கைக்கோள் என்று சொல்லலாம். அதன் ரிப்பீட்டரை எல்லா நேரமும் திறந்து வைப்பதில்லை, அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரொட்டேட்டரின் முட்டும் இடம், அதாவது அதற்கு மேல் சுற்றாத இடம், வடக்கில் இருக்குமாறு பொருத்துங்கள். தெற்கில் வைத்துவிட்டால் இந்தச் செயற்கைக்கோளின் ஒவ்வொரு பாஸிலும் நட்டநடுவில் ரொட்டேட்டர் ஒரு முழு வட்டம் பின்னால் சுற்றி வர வேண்டியதாகிவிடும்.

நம் நாட்டின் ஹாம்சாட் இன்று இல்லையே என்று நீங்கள் எழுதிய வருத்தம் எனக்கும் உண்டு. 2005 மே 5 அன்று பிஎஸ்எல்வி-சி6இல் போன அது, விஓ-52 என்ற பெயரில் 2014 ஜூலை வரை ஒன்பது வருடம் உலகம் முழுவதும் ஹாம்களுக்குக் குரல் கொடுத்தது. அதன் இடத்துக்கு இன்னொன்று வர வேண்டும், வரவேண்டியது அவசியம்.

கேள்வி (திருச்சி): இவ்வளவு சிரமம் எதற்கு? நகராத செயற்கைக்கோள் ஹாம்களுக்கு இல்லையா?

பதில்: இருக்கிறது. கத்தாரின் எஸ்ஹெயில்-2, 2018 நவம்பர் 15இல் ஏவப்பட்டது, கிழக்குத் தீர்க்கரேகை 26 டிகிரிக்கு மேலே நிலைகொண்டு நிற்கிறது. அதிலுள்ள ஹாம் பகுதிக்குப் பெயர் கியூஓ-100, அதன் சிக்னல் 10489 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே இறங்குகிறது. ஒருமுறை திருப்பி வைத்தால் போதும், ஆனால் அந்த ஒருமுறை உண்மையிலேயே துல்லியமாக இருக்க வேண்டும். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பீம் அகலம் அந்த அலைவரிசையில் 3 டிகிரி சொச்சம்தான், மேலே நான் சொன்ன முஷ்டிக் கணக்கெல்லாம் இங்கே செல்லாது. சென்னையிலிருந்து அது அசிமத் 261, எலிவேஷன் 27 டிகிரியில் இருக்கிறது, திருச்சியில் ஒன்றிரண்டு டிகிரி மாறும், உங்கள் அட்சரேகை தீர்க்கரேகை போட்டுக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். மேற்குப் பக்கம் மரமோ கட்டடமோ மறைக்கக் கூடாது.

வீட்டு டிடிஎச் டிஷ் போன்ற ஆஃப்செட் வகை என்றால் அதன் முகம் பார்க்கிற திசையைவிட இருபது இருபத்தைந்து டிகிரி மேலிருந்து சிக்னலை வாங்கும். ஆகவே 27 டிகிரிக்கு வைக்கும்போது டிஷ் கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்பதுபோலத் தெரியும், அதைப் பார்த்துவிட்டு வானத்தை நோக்கிச் சாய்த்துவிடாதீர்கள். முதலில் கேட்பதை மட்டும் சரி செய்யுங்கள், செயற்கைக்கோளின் பீக்கன் (இடைவிடாமல் வரும் அடையாள சிக்னல்) எஸ்டிஆர் எனும் கணினி வானொலியின் திரையில் கோடாக எழுந்ததும் டிஷ்ஷை அரை டிகிரி அரை டிகிரியாக நகர்த்தி, கோடு மிக உயரமாக இருக்கும் இடத்தில் போல்ட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது டிஷ் லேசாக நகரும், இறுக்கிய பிறகு திரையை இன்னொரு தடவை பாருங்கள்.